மேரி டீச்சர் கட்டிய துணிக்கொடி

மேரி டீச்சர் இறந்துவிட்டார்.

ஃபர்ஸ்ட் பீரியட் முடிந்து வெளியே வந்தேன், அவர் மகளிடமிருந்து மெசேஜ். தூக்கத்திலேயே ஹார்ட் அட்டாக்...

திண்டிவனத்தில் எங்கள் ஸ்கூல் ஸ்டாஃப் ரூமில் ஒன்பது வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி. அவர் தமிழ், நான் சயின்ஸ்.

அமைதியாக நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முடியவில்லை. அவரை நினைத்தாலே யாரையாவது பிடித்து உட்கார வைத்துக் கதை சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

முதலில் என் தப்பு.

ஒரு சுதந்திர தின விழாவில், வசதி இல்லாத பிள்ளைகளுக்கு ஸ்கூல் பை கொடுக்க ஏற்பாடு செய்தேன். மேடை, மைக், ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவது... எல்லாம் என் ஐடியாதான். மற்ற பிள்ளைகள் பார்த்து உதவி செய்யக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். போட்டோவை இதே ஃபேஸ்புக்கில் போட்டு, எத்தனை லைக் என்று வேறு பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து எட்டாம் வகுப்பு சங்கீதா வரவில்லை. ஒரு வாரம் ஆகியும் வரவில்லை.

"மொதல்ல அந்த போட்டோவ எடுங்க டீச்சர்" என்றார் மேரி டீச்சர். எடுத்தேன். "கெளம்புங்க. வல்லம் தாண்டி அவ ஊடு. போய்ட்டு வந்துரலாம்." என் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்தே விட்டார்.

எங்களைப் பார்த்ததும் சங்கீதா உள்ளே ஓடிவிட்டாள். அவள் அம்மாதான் பேசினார். "பசங்க ஓசிப் பை ஓசிப் பைனு கூப்புடுதுங்களாம் மிஸ். இனிமே போவ மாட்டேன்னு குந்திக்கினு கீது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வழக்கம்போல அட்வைஸ் பண்ண வாயைத் திறந்தேன். மேரி டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"சங்கீதா, பசிக்குதும்மா. உள்ள மல்லாட்டை வேகற வாசன வருதே, எங்களுக்குக் கெடைக்குமா?"

ஒரு தட்டு நிறைய வேர்க்கடலையைக் கொண்டுவந்து வைத்தாள். நான் நாசூக்காக நாலு எடுத்தேன். மேரி டீச்சர் சப்பணம் போட்டு உட்கார்ந்து தட்டையே காலி செய்தார்!

"எங்களுக்கு மட்டும் குடுத்தா ஸ்டாஃப் ரூம்ல சண்ட வரும். திங்கக்கெழம எல்லாருக்கும் எடுத்துக்கினு வரியா?"

அவள் காலித் தட்டைக் கையில் எடுத்தாள். "எத்தினி பேரு மிஸ்?"

திங்கட்கிழமை வந்துவிட்டாள். அதே பை நிறைய வேகவைத்த மல்லாட்டை. ஒவ்வொரு மேஜையிலும் குவித்துக்கொண்டே வந்தாள். என் மேஜையிலும் வைத்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

எத்தனையோ நாள் அப்படித்தான். கிளாஸில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொல்வாள். மன்னிப்புக் கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. டீச்சர் என்கிற கெத்து...

அப்புறம் போகி வந்தது. நம் ஊரில் போகிக்கு எதை எதையெல்லாம் எரிப்போம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அதற்கு இரண்டு நாள் முன்னால் மேரி டீச்சர் வராண்டாவில் நீளமாகக் கொடி கட்டினார். எல்லாரும் ஒரு துணி மாட்ட வேண்டும், எல்லாரும் ஒரு துணி எடுக்க வேண்டும். டீச்சர்களும்தான்.

"கிழிஞ்சது வாணாம். நாளைக்கே ஆசையா போட்டுக்கினு வர்ற மாதிரி துணி எடுத்துக்கினு வாங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

நான் விடவில்லை. வசதியுள்ள பிள்ளை எதற்கு எடுக்க வேண்டும், அது எப்படி தர்மமாகும் என்று கேட்டேன்.

"எல்லாரும் எடுத்தாதான் டீச்சர், யாரு இல்லாம எடுக்கறாங்கன்னு தெரியாது."

மறுநாள் நானும் ஒரு புடவையோடு வந்தேன்.

அந்தக் காலை இருக்கிறதே! பட்டுப் பாவாடை, பொங்கலுக்கு எடுத்த புதுச்சட்டை, யாரோ ஒருவருடைய கல்யாண வேட்டி... எட்டரை மணிக்கு கேட்டில் ஒரே சத்தம். லுங்கியோடு ஒருவர் மூச்சிரைக்க ஓடி வருகிறார். பஸ் கண்டக்டர். ஆறாம் வகுப்பில் படிக்கும் அவர் மகள் அவருடைய காக்கிச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

"அப்பா தெனமும் அததான் போடறாரு மிஸ். அவருக்கு ரொம்பப் புடிச்சது" என்றாள் அவள், அழப்போகிற மாதிரி.

"டீச்சர், விழுப்புரம் டிரிப்பு. வண்டி நின்னுக்கினு கீது" என்றார் அவர்.

"எடுங்க சார். ஆனா ஒண்ணு எடுத்தா ஒண்ணு மாட்டணும்" என்றார் மேரி டீச்சர். சிரிக்கவே இல்லை. அந்த மனுஷன் தோளில் இருந்த துண்டை மாட்டிவிட்டு, சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே ஓடினார். மொத்த ஸ்கூலும் கைதட்டியது.

கடைசியில் நான். ஒரு புடவையை மாட்டிவிட்டு நழுவப் பார்த்தேன். "டீச்சர், எடுக்கலியே" என்றார் மேரி டீச்சர், எல்லார் காதிலும் விழும்படி.

"எனக்கு எதுக்கு... இல்லாத பிள்ளைங்க யாராவது..." என்று ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டேன். மொத்தப் பிள்ளைகளும் என்னையே பார்க்கிறார்கள். கொடிப் பக்கம் கையே நீளவில்லை.

கூட்டத்திலிருந்து சங்கீதா வந்தாள். ஒரு பச்சைச் சால்வையை உருவினாள். "ஸ்கூட்டில வர்றப்ப பனி அடிக்கும் மிஸ். இத எடுத்துக்கோங்க" என்று நீட்டினாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

வாங்கிக்கொண்டேன். "அந்த போட்டோவுக்கு... சாரிம்மா" என்றேன். எல்லார் முன்னாலும்.

"பரவால்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு, தனக்கு ஒன்று தேட ஓடிவிட்டாள்.

நாளை மதியம் கண்டமங்கலத்தில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

மேரி டீச்சர்... உங்களுக்கு ஒரு நன்றிகூட நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. போய் வாங்க டீச்சர்.