வரப்பில் நின்று சுட்ட பன்றிகள்

காலை பத்து மணிக்கு அம்மாவின் பழைய சேலை ஒன்றை இரண்டாக மடித்து ஜன்னலில் கட்டுவேன். கதவிடுக்கில் ஒரு சாக்கை அடைப்பேன். அதற்குப் பிறகு எனக்கு இரவு.

ஆறு மாதம் என் வேலை இதுதான். வெளிநாட்டில் செய்யும் வீடியோ கேம்களை விற்பனைக்கு வரும் முன் சோதித்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி அது. தஞ்சாவூரில் ஒரு மாடியில் இருந்தது. வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறி ஆபீஸுக்குப் போவேன். மற்ற நாட்களில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து எங்கள் வீட்டிலிருந்தே வேலை. எனக்குக் கிடைத்தது வேட்டை கேம். எல்லாம் நிஜம் போல இருக்கும். காற்று அடிக்கும் பக்கம் நம் வாடை போகும், மிருகம் மோந்துவிட்டு ஓடிவிடும். சருகை மிதித்தால் சத்தம். துப்பாக்கி கனத்தால் கை நடுங்கும். அதில் இரவு வேட்டை என் பங்கு. திரையில் இருட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அறையும் இருட்டாக இருக்க வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் சேலை.

கேட்பவர்கள், விளையாட்டுக்குச் சம்பளமா என்பார்கள். கேமில் ஏதோ ஒரு குளிர்தேசத்து மலையடிவாரம். கோதுமை வயல்கள், அவற்றை ஒட்டிக் காடு. ராத்திரியில் காட்டுப்பன்றிகள் இறங்கிக் கதிரைத் தின்ன வரும். வேட்டைக்காரன் வயலோரம் குந்தியிருக்க வேண்டும். அவன் குந்தியிருந்தால் நானும் குந்தியிருக்க வேண்டும். பன்றி உறுமுவது எந்தத் திசையில் என்று ஹெட்செட்டில் கேட்டுக் குறிக்க வேண்டியிருந்ததால் மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன். திரையில் அவன் வாயிலிருந்து குளிருக்கு ஆவி வரும். இங்கே என் கழுத்தில் வேர்வை இறங்கும். ஒரு பன்றிக்குச் சில நாள் நான்கு மணி நேரம் ஆகும்.

இரண்டு மணிக்குச் சேலையை அவிழ்த்தால் வெயில் கண்ணில் குத்தும். உடம்பு ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்ததாக நினைத்துக்கொள்ளும். உண்மையான ராத்திரி வரும்போது தூக்கம் வராது. கண்ணை மூடினால் புல் அசையும். ஐந்தாவது மாதத்தில் பகல் எது இரவு எது என்று யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

அம்மா வயல்வேலை முடிந்து வரும் நேரமும் அந்த இரண்டு மணிதான். முழங்கால் வரை சேறு காய்ந்திருக்கும். வாசலில் நின்றே கேட்பாள்.

“கறி கெடச்சுதா?”

“ரெண்டு பன்னி.”

“எங்க?”

“லேப்டாப்புக்குள்ள.”

“ஒங்கப்பாகிட்ட மொளகா வாங்கியாரச் சொல்லவா?”

தினமும் இதே பேச்சு. தினமும் அவளே சிரித்துக்கொள்வாள். பிறகு குழாயடிக்குப் போய்க் காலைத் தேய்ப்பாள்.

ஆறாவது மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம் தருவார்கள். அல்லது போதும் என்று அனுப்பிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவளே நான்தான் முதலில். பிறகு காலேஜ். அந்தக் கடிதத்தைப் போட்டுவைக்க ஒரு பிளாஸ்டிக் கவர் வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தேன். அது கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆபீஸில் என்னைப்போல் பொறுமையாக உட்காருபவர் யாரும் கிடையாது. வீட்டைப் பற்றிக் கேட்டபோது விவசாயக் குடும்பம் என்று சொல்லியிருந்தேன். பொய் இல்லை. நிலம் யாருடையது என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கேமின் வரைபடத்தில் என் பங்குக்கு இருபத்தேழு வயல்கள். இரவில் ஒவ்வொன்றையும் முழுக்க நடந்து பார்த்து, கோளாறு இல்லையென்றால் பச்சை அடிக்க வேண்டும். இருபத்தேழையும் பச்சையாக்கி அனுப்பினேன்.

கடிதம் வர வேண்டிய வாரம் எங்கள் டீம் லீட் போன் செய்தார். நாகூர்க்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அக்கா.

“அந்தப் பன்னி வயல் எல்லாம் நீதானே பார்த்த?”

“ஆமாக்கா.”

“இருபத்தேழும்?”

“இருபத்தேழும்.”

“நடந்து பார்த்தியா?”

“நாலு பக்கமும் சுத்தி நடந்தேங்க்கா.”

“சுத்தி இல்லம்மா. உள்ள. வயலுக்குள்ள.”

அக்கா விஷயத்தைச் சொன்னார்.

வேறு ஊர் டீமில் ஒரு பையன் கதிருக்குள் நின்ற பன்றியைச் சுட்டிருக்கிறான். செத்ததை எடுக்க உள்ளே போயிருக்கிறான். பத்தடி வைப்பதற்குள் தரை விட்டுப்போய், வேட்டைக்காரன் அடியில்லாத இருட்டுக்குள் விழுந்துகொண்டே இருந்தானாம். ஒரு வயலில் இல்லை, எல்லா வயலிலும். இரவில் மட்டும். கால் வைத்திருந்தால் யாருக்கும் முதல் நாளே தெரிந்திருக்கும்.

“நீ ஆறு மாசமா அங்கதானே குடியிருக்க? ஒரு தடவகூடவா எறங்கல?”

ஒரு தடவைகூட இறங்கவில்லை. இறங்கக்கூடாது என்று நான் நினைத்ததும் இல்லை. வயல் வந்தால் கை தானாக ஓரத்துக்குத் திருப்பும். பன்றி கதிருக்குள் நிற்கும்போது நான் சுட்டதே கிடையாது. அது மேய்ந்து முடித்து ஓரத்துக்கு வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் சுடுவேன். ஒரு பன்றிக்கு ஏன் நான்கு மணி நேரம் ஆனது என்று அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது. அதைப் பொறுமை என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். “சாயங்காலத்துக்குள்ள காரணம் எழுதி அனுப்பணும். நீ பார்த்தப்ப சரியா இருந்துச்சு, அடுத்த வெர்ஷன்ல ஒடைஞ்சிருக்குன்னு போட்டுக்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

போனை வைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து சாக்கைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

“கறி கெடச்சுதா?”

“இல்ல. வேல போயிரும்போல.”

அவள் நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். தரை விட்டுப்போவதெல்லாம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“கதிர் வாங்கிருச்சா?”

“முத்திப்போன கதிரு.”

“அப்பறம் எவ எறங்குவா? மணி உதிர்ந்துறாது?”

களை எடுக்க இறங்குவோம், உரம் போட இறங்குவார்கள். கதிர் வந்துவிட்டால் அறுப்பு வரை யாரும் கால் வைப்பதில்லை. எங்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதே இல்லை. அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓடிப்போன கன்றுக்குட்டியைப் பிடிக்க முற்றின பயிருக்குள் இறங்கிவிட்டாள். பண்ணையாருக்காக வயலை மேற்பார்த்த கார்வாரி, உதிர்ந்த மணியையெல்லாம் பொழுது சாயும்வரை ஒவ்வொன்றாக அவளைப் பொறுக்கவைத்தார். இதை அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

“அந்தக்கா சொல்ற மாதிரி எழுதேன்,” என்றாள். “யாருக்குத் தெரியப்போவுது?”

எழுதிப் பார்த்தேன். அப்போது சரியாக இருந்தது, இப்போது உடைந்திருக்கிறது. இங்கிலீஷில் இரண்டே வரி, ஒரு பிழை இல்லை. படித்தால் இன்னொருத்தி எழுதியதுபோல் இருந்தது. பச்சை அடித்தது நான். பொய்யால் வந்த கடிதத்தை அந்தக் கவரில் போட்டால், எடுத்துக் காட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியும். அதைச் சகித்துக்கொள்ள என் கர்வம் இடம் கொடுக்கவில்லை. அழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

‘வயல்களுக்குள் நான் நடக்கவில்லை, ஓரத்தில் மட்டும் நடந்தேன். எங்கள் வீட்டில் பிறர் நிலத்தில் கூலி வேலை பார்க்கிறோம். கதிர் நிற்கும் வயலை நாங்கள் மிதிப்பதில்லை. திரையிலும் அப்படியே இருந்துவிட்டேன். முழுக்க நடந்ததாகப் பச்சை அடித்தது என் தவறு.’

‘கூலி’ என்பதற்கு இங்கிலீஷ் அகராதியில் இன்னும் மரியாதையான சொல் தேடினேன். கிடைத்ததை வைக்க மனம் வரவில்லை. அனுப்பிவிட்டு மின்விசிறியைப் போட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை, அசதிதான்.

இரண்டு நாள் கழித்து அக்கா கூப்பிட்டார்.

“ஒன்ன வேலையவிட்டு அனுப்பல. ஆனா நிரந்தரம் இப்ப இல்ல. இன்னும் மூணு மாசம் பாக்குறாங்களாம்.”

“சரிங்க்கா.”

“நான் சொன்னத எழுதியிருந்தா இன்னிக்குக் கையில கடிதம் இருந்திருக்கும், தெரியும்ல?”

“தெரியுங்க்கா.”

“பெரிய ராணி,” என்றார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. பிறகு அவரே சிரித்தார். “ஒண்ணு சொல்றேன். வயலோரம் எல்லாம் பக்காவா இருக்காம். ஒரு கோளாறு இல்லையாம். உலகத்துலயே அவ்ளோ தடவ வரப்பச் சுத்துன ஆள் நீதானாம்.”

“இப்ப என்ன செய்யணுங்க்கா?”

“தரையச் சரிபண்ணி அனுப்பியிருக்காங்க. இருபத்தேழும் உள்ள நடக்கணும். குறுக்கயும் நெடுக்கயும்.”

மறுநாள் சேலையைக் கட்டி, சாக்கை அடைத்து உட்கார்ந்தேன். முதல் வயல். ஓரத்தில் வந்து நின்றேன். நிலா இருந்தது, கோதுமை இடுப்புயரம் நின்றது. அது யாருடைய வயலும் இல்லை, அங்கே ஒரு மணிகூட இல்லை, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் விரல் பொத்தான்மேல் சும்மா கிடந்தது. வேலை இல்லாத நாள் என்பதால் அம்மா பின்னால் சுவரில் சாய்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திரை வெளிச்சம் அவளுக்குப் போதுமாயிருந்தது.

“என்ன நிக்கிற?”

“எறங்கணும்.”

“எறங்கு.”

இறங்கினேன். ஹெட்செட்டில் கோதுமைத் தாள்கள் சரசரவென்று உரசின. சத்தத்தைக்கூடச் சரியாகச் செய்திருந்தார்கள். நடு வயல் வரை போனேன். தரை தாங்கியது. அம்மா கீரையை வைத்துவிட்டு முன்னால் குனிந்தாள்.

“பின்னால திரும்பு,” என்றாள்.

திருப்பினேன். நான் மிதித்து வந்த தடத்தில் சாய்ந்த கதிரெல்லாம் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தது. கடைசியில் தடமே இல்லை.

“எழுந்துக்குதே,” என்றாள்.

“ஆமா.”

“அப்பறம் என்ன. நட.”

அவள் கீரைக்குத் திரும்பினாள். நான் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை நடந்து முதல் வயலுக்குப் பச்சை அடித்தேன். கழுத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது வயலுக்குப் போனேன். ஓரமாகத்தான் போனேன், அங்கு போய் இறங்கினேன்.