காய வேண்டிய சதுரங்கள்

நாலு சதுரம். மூங்கில் குச்சி நட்டு, சணல் கயிறு கட்டி, ஒவ்வொன்றும் ஒரு சின்னப் பாய் அளவு. சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கிடந்த புல்வெளியில் அவற்றைக் கட்டியிருந்தாள் என் சித்தி. அம்மாவின் தங்கை. புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்ய டெல்லிக்கு வந்தவள். எங்கள் முன்னறையில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே, அவள் கட்டில்.

“நாலு வருஷமா புல்லு வளக்குறா உன் தங்கச்சி. ஒரு எருமையை வாங்கி விட்டிருந்தா இந்நேரம் தயிராவது மிஞ்சியிருக்கும்” என்பார் அப்பா.

“எருமை வந்தா முதல்ல உங்க பேப்பரைத்தான் தின்னும், அத்தான்” என்பாள் சித்தி.

இரண்டு சதுரங்களுக்கு வாளியில் அளந்து தண்ணீர். மற்ற இரண்டுக்கு வானம் கொடுப்பது மட்டும். மழை குறையக் குறைய எந்தப் புல் போகிறது, எது தங்குகிறது, போனதன் இடத்தில் எது வந்து உட்கார்கிறது என்று ஞாயிறுதோறும் குந்தியிருந்து நோட்டில் எழுதுவாள். அந்த ஆண்டோடு எழுதி முடித்துவிடலாம். திருச்சியிலிருந்து தாத்தா கொடுத்திருந்த கெடுவும் அதுவரைதான். மாப்பிள்ளை வீட்டாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

எழுபதுகள் முடியப்போகும் காலம். அந்த வருடம் மழை வரவில்லை. அனல்காற்று வந்தது, புழுதி வந்தது, ஆடி வந்தது, மழை மட்டும் வரவில்லை. காய்ந்த சதுரங்களில் அறுகு முதலில் மஞ்சளாயிற்று, பிறகு வைக்கோலாயிற்று. வெறுமையான இடத்தில் நெருஞ்சி மெல்லக் கை நீட்டியது. ஒரு முழம் தள்ளி, தண்ணீர் குடித்த சதுரங்கள் பச்சையாய், வெட்கமே இல்லாமல் பச்சையாய் நின்றன.

எனக்கு எட்டு வயது. எங்கள் வீட்டில் பிஸ்கட்டை உடைத்தால்கூட எனக்கும் தம்பிக்கும் இரண்டு துண்டையும் ஒட்டிவைத்து அளந்துதான் அம்மா கொடுப்பாள். ஓரவஞ்சனை செய்தால் சாமி கண்ணைக் குத்தும். சித்தி இவ்வளவு படித்தவள், இது தெரியாமல் இருக்கிறாளே என்று இருந்தது. அவள் கண்ணைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பாயிற்று.

பள்ளிவிட்டு வந்ததும், அவள் வீடு திரும்புவதற்குள், கழுத்தில் மாட்டும் வாட்டர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய் இரண்டு காய்ந்த சதுரங்களுக்கும் ஊற்றினேன். தினமும். மேல்மண்ணை அனல்காற்று உடனே துடைத்து வைத்துவிடும்.

ஒரு ஞாயிறு சித்தி அடுப்படிக்கு ஓடிவந்து, தோசைக்கரண்டியோடு இருந்த அம்மாவை அப்படியே கட்டிக்கொண்டாள். “அக்கா, அறுகு சாகலைக்கா! போயிருக்க வேண்டியது போகலைக்கா!” அப்படி ஒரு முகத்தை அவளிடம் பிறகு நான் பார்க்கவில்லை. கல்யாண போட்டோவிலும் இல்லை.

அடுத்த வாரம் அவளுடைய புரொபசர் நேரில் பார்க்க வந்தார். பேனாக்கத்தியால் மண்ணைக் கிளறினார். ஒரு விரல் ஆழத்தில் ஈரம். வேடிக்கை பார்க்க நின்றிருந்த குவார்ட்டர்ஸ் காவல்காரர், சௌகிதார்தான், பாவம், என்னைப் புகழ்வதாக நினைத்து, “பேட்டி ரோஜ் பானி டால்தி ஹை, சாப்” என்றார். பொண்ணு தினமும் தண்ணி ஊத்துது. நான் ஒரு அடி முன்னால் வந்து நின்றேன், பரிசு வாங்க நிற்பதுபோல.

புரொபசர் நல்லவர். அதனால் மிக மெதுவாகச் சொன்னார்: இந்த இரண்டையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சித்தி என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. வீட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: “மழை ஏமாத்திடுச்சு.” தாத்தாவுக்கும் அதையே எழுதினாள். தாத்தா இனி காத்திருப்பதாக இல்லை. ஆவணியில் முகூர்த்தம். எனக்கு அரக்கு நிறத்தில் பட்டுப்பாவாடை. கட்டில் இருந்த இடத்தில் தையல் மெஷின் வந்து உட்கார்ந்தது.

ஊருக்கு ரயிலேறுவதற்கு முதல் நாள் சாயங்காலம் சித்தி என்னைப் புல்வெளிக்கு அழைத்துப்போனாள். பதினாறு குச்சிகளையும் பிடுங்கினாள். கயிற்றை முழங்கையில் சுற்றினாள். வாட்டர் பாட்டிலை என் கழுத்தில் மாட்டிவிட்டு, “இனிமே நாலுக்கும் ஊத்துடி” என்றாள்.

“நெஜமாவா சித்தி?”

“நெஜமா.”

கடைசியில் அவளுக்கும் புரிந்துவிட்டது! வீட்டுக்கும் புல்வெளிக்குமாக நாலுதரம் ஓடினேன். கயிறு போயிருந்தாலும் தடம் இருந்தது. ஒன்றுக்குக்கூட ஒரு சொட்டு அதிகமாகப் போகாமல், சரிசமமாக ஊற்றினேன். முடித்துவிட்டுப் பெருமையோடு திரும்பினால், சித்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றிருந்தாள். அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. அவள் பக்கத்தில் போய் நின்று, அப்படி எதைத்தான் பார்க்கிறாள் என்று குதிகாலைத் தூக்கி நானும் எட்டிப் பார்த்தேன்.