நாற்பத்தெட்டு மடிப்புகளும் ஒரு தூணும்

பத்தொன்பது ஆண்டுகளாக அவர் பிறருடைய கற்பனைகளுக்கே உருவம் கொடுத்துவந்தார். கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் அட்டையால் மாதிரி செய்வது அவர் வேலை. கையில் கிடைத்த தாளையெல்லாம் மடித்துப் பார்க்கும் பழக்கத்தால் அவருக்கு ‘மடிப்பு’ என்றே பெயர். மகளின் மதிப்பெண் பட்டியல்கூடத் தப்பியதில்லை. “படிச்சுட்டு மடியேன்” என்பார் கணவர்.

புதிய நூலகத்தின் வாசிப்புக்கூடத்துக்கு ஒரு சிற்பம் தேவைப்பட்டபோது, மடிப்பு முதன்முறையாகத் தம் சொந்தக் கற்பனையை மேசைமேல் வைத்தார். ஒரே தாளில் சாய்சதுர மடிப்புகளிட்டு வளைத்த வளைவு அது. அதன்மேல் தண்ணீர் நிறைந்த குவளையை வைத்தார். தாள் அசையவில்லை.

“இதையே இரும்புத் தகட்டுல செஞ்சா இந்தச் சுவர்லேருந்து அந்தச் சுவர் வரைக்கும் தானா நிக்கும். சிற்பமும் இதுதான், கூரையும் இதுதான்.”

கட்டடக் கலைஞருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. பொறியாளரோ தாடையைத் தடவினார். எதற்கும் தூண் கேட்பவர் என்பதால் அவரை எல்லாரும் ‘தூண் சார்’ என்பார்கள்.

“நடுவுல ஒரு தூண் போட்டுடலாம்மா.”

“அப்போ அது சிற்பம் இல்ல சார், கொட்டகை.”

“சரி, முந்நூறு கிலோ தொங்கவிடுவேன். பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல தொய்ஞ்சா தூண் வந்துடும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

பட்டறையில் மடித்த தகடு கூடத்துக்கு வந்த காலையில் மடிப்பு காலையுணவையே மறந்திருந்தார். சங்கிலிக் கப்பியில் அதைத் தூக்கிப் பொருத்தப் பார்த்தால், கிட்டத்தட்ட பத்து சென்டிமீட்டர் நீளம் கூடுதலாக இருந்தது.

அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது. தாளுக்குத் தடிமனில்லை, தகட்டுக்கு உண்டு. தகட்டின் மடிப்பு கூர்மையாக மடங்காமல் உருண்டு திரும்புகிறது. ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீட்டரைக் கூட்டினால், நாற்பத்தெட்டுக்கும் எவ்வளவு? அட்டையோடே வாழ்ந்தவர் செய்யக்கூடிய தவறுதான்.

பட்டறைக்காரர் வெட்டுங்கருவியை எடுத்தார். “ஓரத்தை நறுக்கிடவா அக்கா?”

“ஐயோ வேண்டாம்பா. சுவர்ல உட்கார்றதே அந்த ஓரந்தான். அது போனா தூண்தான் கதி.”

மடிப்பு தம் பையிலிருந்த மாதிரியை எடுத்து, அதன் நடுவை விரலால் மேலே தூக்கினார். இரு முனைகளும் உள்ளே நகர்ந்தன. படபடப்பில் அவர் குரல் ஓடியது.

“சார், பாருங்க. நடுவைத் தூக்கினா முனைங்க உள்ள வருது. உட்காரவெச்சு இறக்கினா ரெண்டு சுவரையும் தள்ளிக்கிட்டு நிக்கும். முன்னைவிட இறுக்கமா.”

“சுவர் அந்தத் தள்ளலைத் தாங்கணுமே?” என்றார் சோதனைக்கு வந்திருந்த பொறியாளர்.

“ரெண்டுமே கனமான கான்கிரீட் சுவர்” என்றார் கட்டடக் கலைஞர்.

பொறியாளர் தரையிலேயே சம்மணமிட்டு அமர்ந்தார். பென்சில் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. நிமிர்ந்தபோது அவர் முகமே வேறாக இருந்தது. “தாங்கும். தூக்குங்க, தூக்குங்க.”

கப்பி கிறீச்சிட்டது. நடு உயர்ந்தது, முனைகள் தத்தம் இடத்தில் அமர்ந்தன. மணல் மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. முந்நூறு கிலோவுக்கு அளவுமானி நான்கு மில்லிமீட்டர் காட்டியது. பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தார். அப்போதும் நான்குதான்.

“இன்னும் மூட்டை இருக்கா?” என்று கேட்டார்.

“தீர்ந்துபோச்சு. வேணும்னா நீங்களே தொங்குங்க சார்” என்றார் மடிப்பு.

பொறியாளர் உண்மையாகவே காலணிகளைக் கழற்றத் தொடங்கினார்.