பல்செட் அண்ணாச்சியின் ஐரோப்பா

பல்செட் அண்ணாச்சியின் கடையில் சுவரோரமாகப் பிளாஸ்டர் தாடைகள் வாய் திறந்தபடி வரிசையாக இருக்கும். கோவில்பட்டிக்கு நிருபராக வந்த புதிதில் என் அறை அந்தக் கடைக்கு மேல்மாடி. மாலையில் இறங்கிப் போனால் அவர் ஒரு நீள நோட்டோடு உட்கார்ந்திருப்பார். அதில் ஒரு மொழிக் குடும்பம் இருந்தது. எழுத்து தோன்றுவதற்கு முன் ஐரோப்பாவில் பேசப்பட்டதாக அவரே கற்பனையில் உண்டாக்கியது. ஒரு தாய்மொழி, நான்கு கிளைகள். அவர் மதுரையைத் தாண்டிப் போனதில்லை.

தாய்மொழியில் தொண்டையில் பிறக்கும் ஒலிகள் மூன்று. மலைப்பக்கம் போன கிளையில் அவை தேய்ந்துவிட்டன. "அந்தக் குளிருல எவன் வாயத் தொறப்பான்? பல்லக் கடிச்சிக்கிட்டுத்தான் பேசுவான்" என்பார். வினைச்சொல் முதலில் வரும். பெயர்ச்சொற்களில் ஆண், பெண் கிடையாது. சூடுள்ளது, இல்லாதது என்று இரண்டே வகை. நெருப்பும் நாயும் ஒரு பக்கம், கல்லும் செத்தவர்களும் மறுபக்கம். ஒருமுறை அதில் ஒரு சொல்லை என்னைச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். கூச்சத்தில் சிரித்துவிட்டேன். அதன்பின் கேட்கவில்லை.

அந்த மொழியைப் பேசியவர்கள் அவரிடம் பல் கட்ட வந்தவர்கள்தான். புது செட்டை மாட்டியதும், நாக்கு எங்கே இடறுகிறது என்று பார்க்க எதையாவது சொல்லச் சொல்வது தொழில் வழக்கம். அவர் தன் மொழியின் சொற்களைக் கொடுத்தார். பசுவந்தனையில் பருத்தி போடும் வயதான சம்சாரி ஒருவர், கண்ணாடியைப் பார்த்தபடி, 'ஓநாய் வருகிறது' என்பதை அந்த மொழியில் திருத்தமாகச் சொன்னார். பொருள் அவருக்குத் தெரியாது.

"என்னலே மந்திரம் இது?"

"பல்லுக்கு உள்ளது மாமா. இன்னொருக்க சொல்லுங்க."

அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார். தன் மொழியை வேறொரு வாயில் கேட்க அவருக்கு அதைவிட்டால் வழியில்லை.

இதை நான் பெட்டிச் செய்தியாக எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை. பெயர் போடவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன், ஊருக்குத் தெரியாதா? வெளியான அன்று காலையிலேயே அந்தச் சம்சாரி பஸ் ஏறி வந்துவிட்டார். "ஏலே, எங்க வாய வச்சா வெளையாடுத?" தெரு கூடிச் சிரித்தது. அண்ணாச்சி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த நீள நோட்டு அதன்பின் மேசைக்கு வரவில்லை. சில மாதங்களில் எனக்கு மாற்றல்.

பல வருடங்கள் கழித்து, போன மாதம் என் கீழ்ப்பற்களுக்கு செட் கட்ட அவரிடமே போனேன். மாட்டிவிட்டு, "பத்து வரைக்கும் எண்ணுங்க" என்றார்.

"உங்க மொழியில ஒண்ணு குடுங்க அண்ணாச்சி. சொல்லுதேன்."

அவர் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் இப்ப யாரு பேசுதா? எண்ணுங்க."

எண்ணினேன். ஏழில் நாக்கு இடறியது. செட்டைக் கழற்றி வாங்கி, நிமிர்ந்து பார்க்காமல், அவர் அதன் ஓரத்தை அரத்தால் ராவத் தொடங்கினார்.