லாயத்தின் பின்சுவர்

மழைக்காலம் தொடங்குமுன் எங்கள் கம்பெனிக்கு ஒரு எஞ்சினீயர் வந்தார். கொச்சி மட்டாஞ்சேரியில் நான் குமாஸ்தாவாக இருக்கிற மிளகுக் கம்பெனிதான்.

வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் தம் பங்களாவை ஒட்டிக் கட்டிய பழைய கட்டடங்கள் எங்கள் காம்பவுண்டில் இன்னும் நிற்கின்றன. வண்டிக் கொட்டகை, களஞ்சியம், குதிரை லாயம்... லாயத்தில் இப்போது மிளகு மூட்டைகள். அந்தத் தேக்கு உத்தரங்களைப் பார்க்கவேண்டுமே!

எஞ்சினீயர் லாயத்தின் பின்சுவரைத் தட்டினார். காரை பொலபொலவென்று உதிர்ந்தது.

"அடியெல்லாம் ஈரம். இந்த மழைக்கு நிக்காது. இடிச்சுக் களையணும்."

திங்கட்கிழமை வேலை ஆரம்பம் என்றார் முதலாளி.

காம்பவுண்டைக் கூட்டிப் பெருக்கும் பொன்னுத்தாய் என்னிடம் வந்தாள். "சாரே, சுவரு நல்ல சுவரு. பின்னால ஓடை அடைஞ்சு கெடக்கு. தண்ணி போக வழியில்லாம சுவர்ல ஏறுது."

"எஞ்சினீயரைவிட உனக்குத் தெரியுமோ? போய் வேலையைப் பாரு!"

சொன்னது நான்தான்.

அவள் வேலையைத்தான் பார்த்தாள். சனிக்கிழமை மத்தியானம் புருஷனோடு மண்வெட்டியை எடுத்தவள், ஞாயிறு சாயங்காலம்தான் கீழே வைத்தாள். திங்களன்று ஆட்கள் கடப்பாரையோடு வந்தபோது, லாயத்தின் பின்னால் கல் பாவிய ஓடை ஒன்று காயல்வரை திறந்து கிடந்தது. பக்கத்தில் சேறும் குப்பையுமாக ஒரு குவியல். குறுக்கே பொன்னுத்தாய்.

"மொதலாளி வரட்டும். அதுவரைக்கும் ஒரு கல்லைக்கூட எடுக்கப்படாது!"

அவள் வேலை போய்விடுமே என்று எனக்குத்தான் பயம். அவளுக்கு இல்லை.

முதலாளியோடு எஞ்சினீயரும் வந்தார். ஓடையைப் பார்த்தார். கடப்பாரையை வாங்கிச் சுவரின் அடியில் தாமே ஒரு குத்து. ணங்! ஈரமெல்லாம் மேல்காரையோடு சரி. உள்ளே வெட்டுகல் இரும்பாக இருந்தது.

நல்ல மனிதர். "எனக்குத் தெற்றிப்போச்சு, தப்பு என்னோடதுதான். ஒரு மழை பார்க்கலாம்" என்று சிரித்தார்.

மழை பேய்மழை. தினமும் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பிசுபிசுப்புகூட இல்லை. நானே கட்டின சுவர் மாதிரி ஒரு கர்வம்!

போன வாரம் முதலாளி அவளைக் கூப்பிட்டார். "என்ன வேணும் பொன்னுத்தாயி?"

"அந்த ஓடையில இனி ஆரும் குப்பை கொட்டப்படாது. அது மதி, அது போதும் மொதலாளி."

மறுநாளே போர்டு வைத்தாயிற்று — மலையாளத்தில், இங்கிலீஷில், தமிழில்.

பொன்னுத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. போர்டு, படித்த எங்களுக்கு.