தெரு கேட்ட பாதி

போன வாரம் கூடத்துக்கு ஒரு பல்பு வாங்கினேன். கைபேசியில் தட்டினால் எரியும், நிறம் மாறும், தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளவும் செய்யும். இத்தனைக்கும் நடுவில் கொஞ்சம் வெளிச்சமும் தருகிறது. அதை மாட்டிய நாளிலிருந்து என் ரேடியோவில் எண்ணெயில் வடை போட்ட மாதிரி ஒரு சத்தம். பல்பை அணைத்தாலும் போவதில்லை. அணைந்த பிறகும் அது கைபேசியின் உத்தரவுக்குக் காத்திருக்கிறதாம்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு காலத்தில் அடுத்தவர் வீட்டுக் கருவிக்குள் புகுந்து கத்தியவன் நான்.

அப்போது சாரம் என்ற பகுதியில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். பகலில் பத்திரிகை வேலை, சாயங்காலம் ஹாம் ரேடியோ. அதாவது, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்தே வானலையில் பேசும் பொழுதுபோக்கு. கருவி நானே ஈயம் பற்றவைத்துச் செய்தது. அந்தப் புகை வாசனை சட்டையை விட்டுப் போகாது. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் நான் ஊதுபத்தி வியாபாரமும் செய்கிறேனோ என்று சந்தேகப்பட்டார்.

மொட்டை மாடியில் கட்டிய செம்புக் கம்பி வழியாகக் கண்டியில் இருந்த ஒரு பல் மருத்துவரோடு தினமும் பேசினேன். என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள். என் குரல் கேட்கிறதா? கேட்கிறது, என்னுடையது? அதுவும். பிறகு இரண்டு ஊர் வெயில், இரண்டு கம்பிகளின் நீளம், நன்றி, வணக்கம். கடல் தாண்டி நாங்கள் அனுப்பிக்கொண்ட செய்தி, செய்தி வந்து சேர்கிறது என்பதுதான்.

கீழ்வீட்டு அமுதா அக்காதான் வீட்டுக்காரர். ஒரு வெள்ளிக்கிழமை அவர் டிவியில் பாட்டுக்கு நடுவே என் குரல் வந்துவிட்டது. படியேறி வந்தார்.

“யாருக்குக் கேக்குதோ இல்லியோ தம்பி, எங்களுக்கு நல்லாவே கேக்குது.”

குறை என் கருவியில் இல்லை, உங்கள் டிவியில்தான் என்று, பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவனின் தோரணையில் விளக்கினேன்.

“டிவி உனக்கு முன்னாலயே இந்த வீட்டுக்கு வந்துது.”



டிவிக்குள் போனது என் குரல் மட்டும். மருத்துவரின் குரல் என் ஹெட்ஃபோனுக்குள்ளேயே நின்றுவிடும். ஆகவே அக்கம்பக்கத்து வீடுகள் கேட்டது பாதிப் பேச்சு. ‘கேக்குதா? ஹலோ, கேக்குதா?’ என்பேன். அமைதி. பிறகு நானே ‘ரொம்ப சந்தோஷம்’ என்பேன்.

இந்த நிலையில் எனக்கு நோணாங்குப்பத்தில் பெண் பார்த்தார்கள். அவளை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பார்த்துவிட்டு வந்த அன்று கண்டிக்கு வெயிலைக்கூடத் தப்பாகச் சொன்னேன். ஆனால் அப்போதெல்லாம் மாப்பிள்ளையைப் பற்றித் தெருவில் விசாரித்த பிறகுதான் சம்மதம். பெண்ணின் அப்பாவும் அம்மாவும் அமுதா அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்தார்கள். நான் மாடிப்படியில் நின்று ஒட்டுக்கேட்டேன்.

“குடி, சீட்டு எதுவும் கெடையாது” என்றார் அக்கா. “ஆனா தனியா பேசுது.”

“போன்லயா?” என்றார் பெண்ணின் அப்பா.

“போன் ஏது? கேக்குதா கேக்குதான்னு கேட்டுகினே இருக்கும். பதிலே வராது. அதுவே சந்தோஷம்னு சொல்லிக்கும்.”

பெண்ணின் அப்பா செருப்பைத் தேடினார். நான் ஓடிவந்து அவரைக் கெஞ்சி மாடிக்கு அழைத்துப் போய் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். அன்று பார்த்துக் கண்டி வரவில்லை. அழைத்தேன், அழைத்துக்கொண்டே இருந்தேன்.

“மழ பெய்யற மாதிரி இருக்கு” என்றார் அவர். முகத்தில் இரக்கம் தெரிந்தது.

கீழே டிவியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தார்: “ஏங்க, எறங்கி வாங்க. பதில் வராட்டியும் கோவப்படாம பேசிகினே இருக்காரு. குடும்பத்துக்கு இது போதும்.”

கல்யாணம் ஆயிற்று. மாமியாரின் கணிப்பு சரிதானா என்று மனைவியிடம் அவ்வப்போது கேட்கிறேன். பதில் வரவில்லை.

இப்போது மூலக்குளத்தில் அடுக்குமாடி வாசம். போன மாதம் எதிர்வீட்டுப் பையனைப் பற்றி விசாரிக்க ஒரு பெண்ணின் அப்பா வந்தார். இந்தக் காலத்திலும் இப்படி ஒருவரா என்று மனைவி காபி கொடுத்தாள். பையன் வந்து வருடங்கள் ஆகின்றன. நாள் முழுக்கக் காதில் எதையோ செருகிக்கொண்டு யாருடனோ பேசுகிறான். ஒரு சொல் சுவரைத் தாண்டியதில்லை. அமுதா அக்கா பாதியையாவது கேட்டுச் சொன்னார். எனக்கு அந்தப் பாதியும் இல்லை.

“ஆளு எப்படிங்க?” என்றார் வந்தவர்.

“அந்த வீட்ல இருந்து ஒரு சத்தமும் கேட்டதில்லிங்க.”

“அது போதும் சார்” என்று நிம்மதியாக எழுந்துகொண்டார்.