கிணற்றில் எறிந்த கடப்பாரை

காரைக்காலில் நெடுங்காலமாகத் தோட்டம் அமைத்துத் தரும் ஒப்பந்தக்காரர் அவர். நரைத்த மீசை, பச்சை படிந்த நகங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும், தாம் முன்பு பதித்த புல்லை உள்ளங்கையால் தடவிவிட்டே பேசத் தொடங்குவார்.

கோட்டுச்சேரியில் என் வீட்டிலும் அடுத்த வீட்டுப் பெரியவர் தோட்டத்திலும் புல்தரை அமைத்தவர் அவரே. பெரியவர் இறந்தபின் மகன்கள் இருவரும் தோட்டத்தைப் பிரிக்க வேலி போட அவரை அழைத்தார்கள். வேலி எங்கே என்பதில் சண்டை மூண்டது. தம்பி அண்ணனைக் கீழே தள்ளி மிதித்தான். நான் ஓடிச் சேர்வதற்குள், வேலிக்குழி தோண்ட வைத்திருந்த கடப்பாரையை எடுத்து ஓங்கிவிட்டான். ஒப்பந்தக்காரர் பாய்ந்து அதைப் பறித்துக் கிணற்றில் எறிந்தார்.

“யோவ், ஒனக்கென்னய்யா இதுல?” என்று தம்பி குத்தியதில் அவர் உதடு கிழிந்தது.

“கையால எவ்வளவு வேணா அடிங்க தம்பி. இரும்பு மட்டும் வேணாம்.”

உயிர் தப்பிய அண்ணன் இரத்தம் வழிய எழுந்தான். “அவன் கெடக்கான். வேலிய அந்தத் தென்னைக்கு அந்தாண்ட போடுங்க,” என்றான்.

ஒப்பந்தக்காரர் மண்டியிட்டார். தாம் பதித்த புல்லைப் பிடிபிடியாகப் பிய்த்தெறிந்தார்.

“ஒங்கப்பாவுக்குப் போட்ட புல்லு! ஒங்களுக்கு எதுக்குடா?”

நகக்கண்களில் இரத்தம் கசிந்தும் அவர் ஓயவில்லை. அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் ஒட்டியபடி பின்வாங்கினார்கள்.

வெறுமண்ணை விட்டு வெளியேறியவர் என் வாசலில் நின்றார். வழக்கம்போல் என் புல்தரையின் பக்கம் குனிந்தார். தம் கையைப் பார்த்ததும் நிமிர்ந்து, புல்லைத் தொடாமலே நடந்துவிட்டார்.